சேலையூர் வேலூரான கதை

எஸ்தர் டீச்சரிடம் நான் பொய் சொன்னேன். "உங்க ரேடியோவில ஒரு குறையும் இல்லை டீச்சர், உங்க குரல்தான் இதுக்கு ஒத்துவரலை" என்றேன். குறை ரேடியோவில்தான் இருந்தது. அதை உள்ளே வைத்தவனும் நான்தான். சொல்லும்போதே எனக்கு அது தெரியும்.

தாம்பரத்தில் கூடும் எங்கள் அமெச்சூர் வானொலி நண்பர்கள், புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்காக ஒரு கட்டுரை கேட்டார்கள். நாம் பேசுவது வெளியே சரியாகப் போகவில்லை என்றால் எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று எழுதித் தர வேண்டும். வாழ்நாள் முழுக்க வயர்லெஸ் பெட்டிகளைத் திறந்து மூடியவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். எழுதுகிறேன், ஆனால் இந்தப் பொய்யிலிருந்துதான் தொடங்குவேன் என்றேன். சங்கடப்பட்டார்கள். பிறகு சரி என்றார்கள்.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசிடம் உரிமம் பெற்று, மொட்டை மாடியில் கம்பி கட்டி, சொந்த ரேடியோவில் ஊர் ஊராகப் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். இதில் வருமானம் கிடையாது. காலையில் ஒரே அலைவரிசையில் கூடி, ஒருவர் பின் ஒருவராகப் பேசுவோம். அந்தக் கூட்டத்துக்கு நெட் என்று பெயர். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது என்பதால், குடும்பக் கூட்டங்களைவிட அது நாகரிகமாகவே நடக்கும்.

என் படிப்பையும் பயிற்சியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிப்ளமோ முடித்தேன், ஓர் அரசுத் துறையின் வயர்லெஸ் பணிமனையில் சேர்ந்தேன், வால்வு முதல் சில்லு வரை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். காதால் கேட்பதற்கு மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதைச் செய்தவர் எங்கள் மேலதிகாரி கோதண்டம் சார்.

இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை போடுவார், அதிர்ந்து பேச மாட்டார். காலையில் பணிமனைக்குள் வந்ததும், ஒவ்வொரு மேஜையாகப் போய் எங்கள் ஸ்க்ரூடிரைவர்களை வாங்கித் தன் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். கோளாறு என்னவென்று வாயால் சொன்னவனுக்குத்தான் ஸ்க்ரூடிரைவர் திரும்பக் கிடைக்கும்.

"டாக்டர் வந்ததும் வயித்தைக் கிழிச்சா பார்க்கிறார்? நாக்கை நீட்டச் சொல்றார் இல்லே? முதல்ல கேளுய்யா."

அவர் முறை இதுதான். முதலில் மைக்கை மாற்றிப் பார். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். மைக்கைப் பிடித்திருக்கிற ஆளைப் பார்; எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறான், காற்றை அதற்குள் ஊதுகிறானா என்று பார். அடுத்து, ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் டம்மி லோடை மாட்டு. சக்தியை வாங்கிச் சூடாகிக்கொண்டு சும்மா இருக்கிற ஒரு கட்டை அது. அதை மாட்டினால் அலை அறையைத் தாண்டாது. ஆண்டெனாவில் குளறுகிற குரல் டம்மி லோடில் சரியாக இருந்தால், நம் அலையே திரும்பி நம் மைக் ஒயருக்குள் நுழைகிறது என்று பொருள். பெட்டியைத் தொடாதே, ஒயரையும் எர்த்தையும் பார். கடைசியாக, இன்னோர் அறையில் இன்னொரு ரிசீவரை வைத்து, ஹெட்போனில் கேள். பேசுகிற ஆளுடன் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருநாளும் தீர்ப்புச் சொல்லாதே; அவன் வாயிலிருந்து வருவதும் ரேடியோவிலிருந்து வருவதும் காதில் கலந்துவிடும்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்களுக்கு அறுவடைக் காலம். எல்லா ஊர்களிலிருந்தும் மைக்குகள் வந்து குவியும். "சத்தம் அடைச்சுப் போச்சு" என்று ஒரே புகார். மைக்கின் சின்னத் துளையைப் பார்த்துக் கச்சிதமாகச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருப்பார்கள். கோதண்டம் சார் ஊசியும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வார். கொண்டுவந்தவரிடம் கைகூப்பிச் சொல்வார்: "ஐயா, பொட்டை நெத்தியில வைங்க. வாயில வைக்காதீங்க." மறு வருடமும் அதே ஆள் அதே மைக்கோடு வருவார்.

அவர் சொன்னதில் இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். "போற குரலும் கெட்டு, வர்ற குரலும் கெட்டா, மைக்கைச் சந்தேகப்படாதே, ஸ்பீக்கரைச் சந்தேகப்படாதே. ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கிற பாதை ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கு. அங்கே போ."

ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்தில் வீட்டோடு வந்த பின் எனக்கு ஒரு புதிய புகழ் கிடைத்தது. அதுதான் வினை.

ரேடியோவில் நம் குரல் முழுதாகப் போகாது. ஒரு ஜன்னல் அளவுதான் போகும்; நமக்கு வருகிற குரலும் அதே ஜன்னல் வழியாகத்தான் வரும். கனமான ஒலிகளில் கொஞ்சமும் மெல்லிய ஒலிகளில் கொஞ்சமும் வெளியே நின்றுவிடும். பழைய செட்டுகளுக்குள் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பினால் ஜன்னல் நகரும். கனத்தின் பக்கம் நகர்த்தினால் குரல் கணீரென்று, செய்தி வாசிப்பவர் குரல்போல இறங்கும். ஆனால் ச, ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் சுவருக்குப் பின்னால் போய்விடும். தொழிற்சாலையில் நடுநிலையாக வைத்து அனுப்புகிற அந்தத் திருகை, நண்பர்கள் பழுது பார்க்கக் கொண்டுவந்த செட்டுகளில் நான் கனத்தின் பக்கம் தள்ளிவைத்தேன். என் குரலில் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லிச் சொல்லி, என் காதுக்கு இனிக்கும் இடத்தில் நிறுத்தி, அது நகராமலிருக்க என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைத்து மூடினேன்.

முதலில் மயங்கியவர் பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கும் நாகராஜ். "இன்னா சார் பண்ண? என் குரல கேட்டுட்டு எங்க வூட்டுக்காரியே யாருய்யா அதுன்னு கேக்குறா! சோக்கா கீது சார்!"

அதன் பிறகு வரிசை கட்டினார்கள். "சிட்லபாக்கம் சார் கை பட்ட செட்" என்று ஒரு தனிப் பெருமை. எல்லாருமே ஆண்கள், எல்லாருக்கும் கணீர். யாராவது "என் ஆடியோ எப்படி?" என்று கேட்டால் நெட்டில் ஒரே பதில்தான்: "ஃபைவ் நைன் சார், பிரமாதம்!" தெளிவுக்கு முழு மதிப்பெண், வலுவுக்கு முழு மதிப்பெண். பாதி வார்த்தை புரியாதவரும் ஃபைவ் நைன்தான் கொடுப்பார். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் யார் உண்மை சொல்கிறார்கள்?

எஸ்தர் டீச்சர் சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் இருக்கிறார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். ஆர்வத்தோடு படித்துத் தேர்வெழுதி உரிமம் வாங்கி, நாகராஜின் பழைய செட்டை விலைக்கு வாங்கினார். நாகராஜ் வேறொரு செட்டுக்கு மாறி, அதிலும் என் கையால் கணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் நாள் நெட்டில் பேசினார்.

"குட் மார்னிங், என் பேர் எஸ்தர், சேலையூர்லேர்ந்து பேசறேன்."

"வெல்கம் மேடம்! ஃபைவ் நைன்! வேலூர்ல வெயில் எப்படி?"

"வேலூர் இல்லைங்க. சே... சேலையூர்! கேம்ப் ரோடு!"

"தெரியும் மேடம், கோட்டை ரோடு! என் சகலை அங்கதான் இருக்கார்!"

சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒரு வாரம் வேலூர் வெயில் விசாரிக்கப்பட்டது. டீச்சர் விடவில்லை. செட்டைப் போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், என் குரல் கடைசி பெஞ்ச் தாண்டி காரிடார் வரைக்கும் கேட்கும். இதுல மட்டும் ஏன் கம்பளி போத்திக்கிட்டுப் போகுது?"

"பார்க்கலாம் டீச்சர்."

"இன்னொண்ணு சார். மத்தவங்க பேசறதும் எனக்கு அப்படித்தான் கேட்குது. பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசற மாதிரி."

போவதும் கெட்டு, வருவதும் கெட்டிருந்தது. கோளாற்றின் முகவரியை அவரே என் கையில் கொடுத்துவிட்டார். மூடியைத் திறந்தேன். என் சிவப்புச் சொட்டு இருந்தது. அந்தத் திருகைத் தொழிற்சாலை வைத்த இடத்துக்குத் திருப்பி, டீச்சரை ஒரு முறை பேசச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

ஆனால் திருப்பினால் ஏனென்று கேட்பார். என் கைங்கரியம் என்று சொல்ல வேண்டும். மற்ற செட்டுகளும் அப்படித்தானே என்ற கேள்வி வரும். சிட்லபாக்கம் சாரின் கணீர் என்பது பாதி எழுத்துகளைத் தின்றுவிட்டு வருகிற ஏப்பம் என்று நெட் முழுக்கத் தெரிந்துவிடும். இதெல்லாம் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்திருந்த நேரத்துக்குள் மனதில் ஓடியது. மூடியைப் பழையபடி போட்டேன். பிறகுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

டீச்சர் செட்டைத் திரும்பப் போர்வையில் சுற்றினார். "இந்தக் குரலை வச்சுத்தானே சார் இத்தனை பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்?" என்றார்.

"அது வேற டீச்சர், இது வேற."

மறுநாள் நெட்டிலும் அதையே சொன்னேன், செட் நல்லா இருக்கு, வாய்ஸ்தான் சூட் ஆகலை என்று. எல்லாரும் "பாவம்" என்றார்கள். டீச்சர் மைக்கைக் கழற்றிவைத்துவிட்டு மோர்ஸ் கற்றுக்கொண்டார். புள்ளியும் கோடுமாகக் கட்டையில் தட்டி அனுப்புகிற அந்த முறைக்குக் குரல் தேவையில்லை. எங்களில் யாராலும் அவர் வேகத்துக்கு எழுதியெடுக்க முடியாத அளவுக்குத் தேர்ந்தார். நெட்டில் மட்டும் அதன்பின் பேசவே இல்லை. நான் ஆண்டுக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அண்மையில் தாம்பரத்துக் கூட்டத்துக்கு நிவேதா என்று ஒரு பெண் வந்தார். பெருங்களத்தூரில் இருக்கிறார், வங்கியில் வேலை, புதிதாக உரிமம் வாங்கியவர். "என் ஆடியோ தெளிவாவே இல்லைன்னு சொல்றாங்க, எங்க பார்க்கணும்?" என்று கேட்டார். நாகராஜ் சமோசாவைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அது ஒண்ணும் பண்ண முடியாதும்மா. லேடீஸ் வாய்ஸ் இதுக்கு செட் ஆவாது. நான் சொல்லல, நம்ம சிட்லபாக்கம் சாரே சொல்லிகிறாரு."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சொன்ன ஒரு பொய், நான் இல்லாத இடங்களிலும் நடமாடி, விதியாகிவிட்டிருந்தது. "தப்பும்மா, அப்படியெல்லாம் கிடையாது, நாளைக்கு உங்க செட்டைக் கொண்டுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேராகச் சேலையூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

கதவைத் திறந்த எஸ்தர் டீச்சர், "வாங்க சார், என்ன திடீர்னு? காபியா டீயா?" என்றார்.

"முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன் டீச்சர். அப்புறம் காபி கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். 

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"திறந்து பார்க்கும்போதே?"

"ஆமாம் டீச்சர்."

எழுந்து உள்ளே போனார். சமையலறையில் பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன. திரும்பி வந்தபோது கையில் காபி இல்லை. கழற்றிவைத்திருந்த அந்தப் பழைய மைக் இருந்தது.

"செட் மேஜையில இருக்கு. சரி பண்ணுங்க. என் கண் முன்னாடி, என் குரல்ல. உங்க ஒன், டூ, த்ரீ எல்லாம் வேண்டாம்."

டம்மி லோடை மாட்டினேன். கையோடு கொண்டுபோயிருந்த சின்ன ரிசீவரை உள்ளறையில் வைத்து, பக்கத்தில் கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டேன். கோதண்டம் சார் காலத்தில் இல்லாத வசதி இது. இன்று யாரும் அடுத்தவரின் ஃபைவ் நைனை நம்ப வேண்டியதில்லை, தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ளலாம். முதலில் எதையும் தொடாமல் பேசச் சொன்னேன். மைக்கைப் பிடித்த டீச்சர் என்ன பேசுவது என்று யோசித்தார். பிறகு, என்றோ எடுத்த வகுப்பின் வருகைப் பதிவை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார்.

"சசிகலா. சுசீலா. செல்வி. ஷீபா. ஜாஸ்மின். ஸ்டெல்லா... ஸ்டெல்லா, அங்க என்ன பேச்சு?"

பதிவைப் போட்டுக் காட்டினேன். யாரோ தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு "அஹிகலா, உஹீலா" என்றார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார்.

"ஐயோ சார், நான் கேட்டிருந்தாலும் வேலூர்னுதான் சொல்லியிருப்பேன்!"

சிவப்புச் சொட்டைச் சுரண்டி எடுத்தேன். திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு முறை வருகைப் பதிவு எடுத்தோம். சசிகலா சீக்கிரம் தெளிந்துவிட்டாள். ஸ்டெல்லா அடுத்து வந்தாள். ஷீபாதான் அடம்பிடித்தாள். கொஞ்சம் அதிகமாகத் திருப்பியதில் குரல் தகர டப்பாவில் விழுந்தது; பாதி தூரம் பின்னால் வந்தேன். மறுபடி பதிவு, மறுபடி கேட்டல். திடீரென்று டீச்சர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க சார்! ஷீபா இப்பதான் கிளாஸுக்குள்ள வந்தா!"

டம்மி லோடைக் கழற்றி ஆண்டெனாவை மாட்டினேன். கேரளத்தில் எங்கோ இரண்டு பேர் பலாப்பழத்தைப் பற்றி மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் உதிர்த்த சுளைபோல விழுந்தது. டீச்சருக்கு மலையாளம் தெரியாது. ஆனாலும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, சண்டை முடிகிற வரை கேட்டார்.

"இவ்வளவு நாளா எல்லாரும் இப்படியா சார் பேசிட்டிருந்தாங்க?"

 என் பொய் அவர் பேச்சை மட்டும் அடைக்கவில்லை. மற்றவர்கள் பேசியதையும் அவருக்கு மூடிவைத்திருந்தது.

காபி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும். "என்கிட்ட சொன்னது பத்தாது சார். என் குரல் சரியில்லைன்னு நெட்ல சொன்னீங்க. நெட்லயே வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை சொன்னேன். எந்தத் திருகு, யார் திருப்பியது, எதற்காக மறைத்தேன் எல்லாம். நிவேதா பெயரையும் சொல்லி, பெண் குரல் ஒத்துவராது என்பது என் பொய்யிலிருந்து பிறந்த பொய் என்றேன். மைக் பொத்தானை விட்டேன்.  முதலில் வந்தவர் நாகராஜ்.

"சார்... அப்போ என் குரலு? அதுவும் டுபாக்கூரா?"

"பாதி உங்க குரல் நாகராஜ். பாதி என் திருகு."

"அடப்பாவி சார்! பேஜாரா பூட்சே! அந்தக் குரல வச்சுகினு நான் பட்டறைல பசங்கள மெரட்டிகினு கீறேன்!"

அதற்குள் ஒரு குரல் நடுவில் புகுந்தது. கூர்மையாக, உயரமாக, கடைசி பெஞ்சைத் தாண்டிப் போகிற குரல்.

"எல்லாருக்கும் குட் மார்னிங். எஸ்தர், சேலையூர்."

"மேடம்! வேலூர்லேர்ந்து எப்ப மாத்தலாகி வந்தீங்க?" என்றார் ஒருவர். அலைவரிசையே சிரித்தது. ரேடியோவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திச் சிரித்தால் அது சிரிப்பாகக் கேட்காது, விசில் சண்டையாகக் கேட்கும். அன்று எனக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது.

பின்பு நடந்தவை இவை. நிவேதாவின் செட் கைமாறி வந்ததுதான் என்றாலும் புது மாடல்; அதில் திருகே கிடையாது. திரையில் வரும் செட்டிங்ஸில் மைக்கின் டோனை முந்தைய சொந்தக்காரர் கனத்தின் பக்கம் வைத்திருந்தார். அதை நேராக்கக் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது நெட்டைத் தொடங்கிவைப்பதே அவர்தான். என் கை பட்ட செட்டுகள் ஒவ்வொன்றாகச் சிட்லபாக்கத்துக்குத் திரும்பி வந்தன. கணீரை எடுத்துவிட்டு எழுத்துகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு செட்டிலும் அதன் சொந்தக்காரரின் குரலையே கேட்டுத் திருப்பினேன். நாகராஜ் மட்டும் கொண்டுவரவில்லை. "வூட்டுக்காரிக்குப் பழகிட்ச்சு சார், வுட்டுரு" என்கிறார்.

எஸ்தர் டீச்சர் தினமும் பேசுகிறார். பேச வேண்டியவை நிறையச் சேர்ந்திருக்கின்றன போலும். ஏரித் தண்ணீர், பஸ் நெரிசல், பேரன் போட்ட கணக்கு, யார் யார் மைக்கை வாய்க்குள் வைத்துப் பேசுகிறார்கள் என்ற கண்டிப்பு. அவர் பேசி முடிப்பதற்குள் பலருக்கு ஆபீஸ் நேரம் ஆகிவிடுகிறது. ஒருநாள் இடைவெளி கிடைத்தபோது, எல்லாரும் கேட்கவே கேட்டுவிட்டேன்.

"டீச்சர், என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"அதுக்கு வரேன் சார். முதல்ல நான் பேசி முடிச்சுக்கறேன்."

மாதங்கள் ஆகின்றன. இன்னும் முடிக்கவில்லை.